வெள்ளிக்கிழமைத் தாள்

கில்லாரன் ஊர்த் தேவாலயப் பங்கில் சிறார் பாதுகாப்புப் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஃபாதர் பிரன்டி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்துப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. சம்பளம் கிடையாது, நல்ல பெயரும் கிடையாது, டப்ளினில் இரண்டு நாள் பயிற்சி வேறு. சாமியார்கள் பிள்ளைகளிடம் நடந்துகொண்டதைப் பற்றிய விசாரணை அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, தொலைக்காட்சியைப் போட்டாலே யாராவது ஓர் ஆயர் தலைகுனிந்து நிற்கும் காலம் அது. அந்த அசிங்கத்துக்குப் பக்கத்தில் தன் பெயரையும் ஒட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? நான்காவது ஞாயிறு, பூசை முடிந்ததும் அட்ராக்டா மல்விஹில் அவரிடம் போய், "நான் பாத்துக்கறேன் ஃபாதர்" என்றாள்.

ஊரே அவளை மெச்சியது. முப்பத்து நான்கு வருடம் அதே ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துவிட்டு அந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மா உட்காராமல் இப்படியொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாளே என்றார்கள். பாராட்டு வரும்போதெல்லாம் அட்ராக்டாவுக்குக் காது மடல் சூடாகும். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்கம்தான். ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை.

வேலையை அவள் பிசகில்லாமல் செய்தாள். பூசைக்கு உதவும் பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வந்த நேரமும் போன நேரமும் எழுத ஒரு நோட்டு. பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து. பிள்ளைகள் பக்கம் போகிற யாராக இருந்தாலும் போலீஸ் சரிபார்ப்புப் படிவம். பீடத்தில் பூ வைக்கும் நோரா டிவேனிக்கு எண்பது வயது. படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் அட்ராக்டா, நான் லில்லிப் பூவை என்ன பண்ணிடுவேன்னு போலீஸ் பாக்கப் போறாங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அட்ராக்டாவும் சிரித்தாள். "எல்லாருக்கும் ஒரே சட்டம் நோரா. பேரை எழுதுங்க."

"எல்லாம் டப்ளின்காரன் பண்ணின வேலை" என்றார் பின்னால் நின்ற ஃபின்டன் லவெல். இரும்புக் கடைக்காரர், பங்குப் பேரவைத் தலைவர். "எவனோ நாலு பேர் தப்பு பண்ணினான். பேப்பர்காரன் அதை வச்சு வெள்ளைக் காலர் போட்டவனையெல்லாம் ஓநாயாக்கிட்டான். பஸ்ல ஒரு சாமியார் ஏறினா தாய்மாருங்க பிள்ளைய மடியில இழுத்து வச்சுக்கறாங்களாம். நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு, சொல்லு?"

அட்ராக்டா பேனாவை எடுத்து அடுத்தவர் பெயரைக் கேட்டாள்.

நவம்பரில் பேரவை கூடியது. கூரை மாற்றிப் புதுப்பித்த பங்குக் கூடத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஃபின்டன். "ஃபாதர் டர்கன் கூடம்." எல்லார் முகமும் மலர்ந்தது. ஃபாதர் மாலகி டர்கன் எழுபதுகளில் ஒன்பது வருடம் கில்லாரனில் இருந்தவர். அந்தக் கூடத்துக்குத் தன் கையாலேயே செங்கல் சுமந்தவர். ஊர்க் கால்பந்து அணி மாவட்டக் கோப்பை வாங்கிய ஒரே வருடம் அவர் பயிற்சி கொடுத்த வருடம். சாகக் கிடந்தவர்களின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். பிறகு டூன்பிராக்குக்கு மாற்றலாகிப் போனார். அங்கேயே இறந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது.

கை தட்டினார்கள். அட்ராக்டா தன் கைகளைக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

பெயர் சூட்டும் செய்தி பங்கின் வாரத்தாளில் வந்தது. பத்து நாள் கழித்து, ஒரு மதிய வேளையில், அவள் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"மிசஸ் மல்விஹிலா? பிள்ளைங்க பாதுகாப்புன்னு உங்க நம்பர்தான் போட்டிருக்கு." பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு. "என் பேரு கிரானியா ஸ்கலி. டூன்பிராக்ல இருக்கேன். என் நாத்தனார் உங்க ஊரு. அவதான் அந்தத் தாளைக் கொண்டுவந்து காமிச்சா. நேர்ல பேசணும்."

இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த ஓட்டலில் சந்தித்தார்கள். கிரானியாவுக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வந்த தேநீரைத் தொடவில்லை. "ஒரே தடவைதான் சொல்லுவேன், எழுதிக்கோங்க" என்றாள். அட்ராக்டா எழுதினாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: குறுக்கே பேசாதே, வார்த்தையை மாற்றாதே, ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதே. பத்து வயது. பங்குத்தந்தையின் வீடு. இரண்டு வருடம். அவ்வளவு சொன்னால் போதும். மீதி கிரானியாவுக்குச் சொந்தமானது.

எழுதி முடித்ததும் அட்ராக்டா, இது ஆயரின் மறைமாவட்ட அலுவலகத்துக்கும் போலீசுக்கும் போகும் என்று சொன்னாள். கிரானியா தலையாட்டினாள்.

"அந்த ஆள் பேரு சுவத்துல வரக்கூடாது. அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு." சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "உங்க ஊர்லேருந்துதானே அவரை எங்க ஊருக்கு அனுப்பினாங்க. அப்ப இங்க யாருக்காவது தெரியுமா?"

அட்ராக்டாவின் கையில் பேனா இருந்தது. மூடியைப் போட்டாள். கழற்றினாள்.

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

விதிமுறை அவளுக்கு நல்ல மறைவிடமாக இருந்தது. கிரானியா அதை 'யாருக்கும் தெரியாது' என்றே எடுத்துக்கொண்டாள். "எங்கம்மாவும் அதான் சொன்னாங்க. யாருக்கு என்னடி தெரியும், தெரிஞ்சிருந்தா ஒருத்தராவது வாயைத் தொறந்திருக்க மாட்டாங்களான்னு. அதை நம்பித்தான் செத்தாங்க." கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அட்ராக்டா காரில் ஏறி, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். மழை கண்ணாடியில் வழிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவளுக்கு இருபத்து நான்கு வயது. பள்ளிக்கு நிர்வாகி பங்குத்தந்தை டர்கன்தான். அவர் கையெழுத்துப் போட்டதால்தான் அவளுக்கு வேலையே கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்து வருகைத் தாள் எதிர்ச்சாரியில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் ஒப்பம் வாங்கி வர வேண்டும். நான்காம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை அனுப்புவது வழக்கம். அந்த வருடம் ஃபிடெல்மா கனீலி. நல்ல கையெழுத்து, வாய்ப்பாடு மடமடவென்று சொல்வாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், இன்னிக்கு வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"ஏன், காலு வலிக்குதா?"

தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தாள். அடுத்த வெள்ளியும் கேட்டாள். இந்த முறை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"ஃபாதர் உன்னைத்தான் கேக்கறாரு. சோம்பேறித்தனம் பண்ணாம போயிட்டு வா."

தெருவைக் கடந்து திரும்புகிற வேலைக்கு நாற்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்த ஃபிடெல்மாவின் உள்ளங்கையில் காகிதம் பிரிக்காத ஒரு மிட்டாய் இருந்தது. அதை அவள் குளிருக்கு மூட்டியிருந்த வகுப்பறை அடுப்புக்குள் போட்டாள். போட்டுவிட்டு, அது எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சர்க்கரை கருகும் வாசனை வகுப்பு முழுக்கப் பரவியது. ஒரு பத்து வயதுப் பெண் மிட்டாயை நெருப்பில் போடுவாளா? அந்த வாசனை அடங்குவதற்குள் அட்ராக்டாவுக்குப் புரிந்துவிட்டது. முழுதாக இல்லை. போதுமான அளவுக்கு.

அடுத்த வெள்ளி அவள் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை வைத்துவிட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தாளைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "டீச்சரே வந்துட்டீங்களா? பிள்ளைங்கள்லாம் எங்க?"

"கணக்குப் பரீட்சை, ஃபாதர்."

"ஓ. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பரீட்சையா?"

"ஆமா ஃபாதர். இனிமே அப்படித்தான்."

கதவு நிலையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சிரித்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அவர் கண்ணும் அவள் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அதன்பின் அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசவில்லை.

அன்று திரும்பி நடக்கும்போது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அடுத்த கோடையில் அவருக்கு மாற்றல் வந்தது. பிரியாவிடை விழாவில் பன்றித் தொடைக்கறி சாண்ட்விச், பாட்டு, கண்ணீர். அவர் கோப்பையில் தேநீர் ஊற்றியது அட்ராக்டாதான். ஒழிந்தது என்றுதான் அப்போது நினைத்தாள். எங்கே போகிறார் என்று தெரியும். அந்த ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றும் தெரியும்.

கிரானியா சொன்னதை எழுதிய படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'உங்களுக்குத் தெரிந்த வேறு தகவல்' என்று இருந்தது. காரிலேயே 'இல்லை' என்று எழுதினாள். பங்குத்தந்தை வீட்டுக்குப் போய்க் கொடுத்தாள். ஃபாதர் பிரன்டிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். படித்து முடித்ததும் அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"இன்னிக்கே அனுப்பிடறேன். பேர் வைக்கறதை நிறுத்திடுவோம். ஏதோ இன்சூரன்ஸ் சிக்கல்னு சொல்லிக்கலாம், இப்போதைக்கு." நெற்றியைத் தேய்த்தார். "இப்பல்லாம் பிள்ளைங்க ஓடி வந்தா நான் ரெண்டு கையையும் பாக்கெட்ல விட்டுக்கறேன், தெரியுமா? யாரோ பண்ணினதுக்கு."

அட்ராக்டா வாசல்வரை போய்விட்டாள். வாசலில் நின்றாள். திரும்பி வந்து, "அந்தப் படிவத்தைக் கொடுங்க ஃபாதர், ஒரு வார்த்தை தப்பா எழுதிட்டேன்" என்றாள். பிறகு, உட்காராமலே, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் படிவத்தை அவளிடம் நீட்டினார். "உங்களுக்கு அப்ப இருபத்து நாலு வயசு. சின்னப் பொண்ணு. அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"தாளை நானே எடுத்துக்கிட்டுப் போற அளவுக்குத் தெரிஞ்சுது ஃபாதர்."

"மனசு பாரமா இருந்தா… பாவசங்கீர்த்தனம் கேக்கட்டுமா, இப்பவே?"

"ஏழு தடவை பண்ணிட்டேன். ஏழு சாமியார். ஒவ்வொருத்தரும் மன்னிச்சு அனுப்பினாங்க. ஒருத்தராவது போலீஸ்ல போய்ச் சொல்லுன்னு சொல்லல." குரலில் கோபம் இல்லை. "நானும் அப்படிப்பட்டவங்களாப் பாத்துத்தான் போயிருப்பேன்."

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனாள். வாக்குமூலம் எழுத வந்த இளம் காவலர் ஈஃபா பர்க், அவளிடம் நான்காம் வகுப்பு படித்தவள். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். பாதியில் நிறுத்தி, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மிஸ், இந்த இடத்துல 'எனக்குச் சந்தேகம் இருந்தது'ன்னு போடவா, 'எனக்குத் தெரியும்'னு போடவா?"

சந்தேகம் என்ற சொல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று அட்ராக்டாவுக்குத் தோன்றியது. முப்பத்திரண்டு வருடம் அதில்தான் அவள் சாய்ந்திருந்தாள்.

"தெரியும்னு போடு ஈஃபா."

காவலர் தட்டினாள். அதற்குப் பிறகு அவளை மிஸ் என்று கூப்பிடவில்லை.

மதியம் டூன்பிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பள்ளி வளாகத்தில் கிரானியா பேருந்துக்குள் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அட்ராக்டா படியில் ஏறாமல் கீழே நின்றே சொன்னாள். ஓட்டலில் சொன்னது பொய் என்று தொடங்கினாள்.

கிரானியா துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அந்தப் பொண்ணை அனுப்பறதை நிறுத்திட்டீங்க."

"ஆமா."

"உங்க ஸ்கூல் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டீங்க."

அட்ராக்டா பேருந்துக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு போன். ஒரு கடுதாசி. பேர்கூடப் போட வேணாம். எங்க டீச்சருக்கு, எங்கம்மாவுக்கு, யாருக்காவது." கிரானியாவின் குரல் ஏறவே இல்லை, அதுதான் கேட்பதற்குக் கொடுமையாக இருந்தது. "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சப்ப எனக்குத் தூக்கமாவது வந்துச்சு. யார்மேலயும் கோபப்பட வேண்டாம் பாருங்க, செத்துப்போன ஒருத்தரைத் தவிர. இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. நல்லா இஸ்திரி போட்ட கோட்டு போட்டுக்கிட்டு."

"மன்னிப்புக் கேக்க வரல."

"கேட்டாலும் கிடைக்காது. மணி அடிக்கப் போறாங்க, பிள்ளைங்க வந்துடும். போங்க."

போனாள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இன்சூரன்ஸ் கதையைச் சொல்ல வேண்டாம் என்று ஃபாதர் பிரன்டியைக் கேட்டுக்கொண்டாள். கிரானியாவின் பெயரையும் ஃபிடெல்மாவின் பெயரையும் சொல்லாமல், தன் பெயரை மட்டும் வைத்துச் சொன்னாள். கடைசியில் ஃபின்டன் லவெல் எழுந்தார். கழுத்து சிவந்திருந்தது.

"எங்கப்பா சாகறப்ப பக்கத்துல உக்காந்திருந்தவர் அவர். எங்கம்மா வீட்டுல இல்ல, நான் இல்ல, அவர் இருந்தார். செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாதுன்னு என்ன வேணா பேசுவியா?"

"அவர் உங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு ஃபின்டன். அதுவும் நெசம்."

"அப்ப முப்பது வருஷமா வாயில என்னத்த வச்சிருந்த?"

அந்த அறையில் அன்று கேட்கப்பட்டவற்றிலேயே நியாயமான கேள்வி அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

கூடத்துக்குப் பெயர் வைக்கவில்லை. ஊர் அதற்குப் பிறகு இரண்டாகப் பேசியது. ஒரு பாதிக்கு அவள் செத்தவர்மேல் சேறு இறைத்தவள். மறு பாதிக்கு, பிள்ளைகளை விட்டுக்கொடுத்தவள். இரும்புக் கடையில் அவளுக்கு முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிறு பூசையில் அவள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் ஃபிடெல்மாவை போலீஸ் தொடர்புகொண்டது. வாக்குமூலம் கொடுப்பேன், ஆனால் அந்த டீச்சர் எனக்குக் கடிதம் எழுதக்கூடாது என்று அவள் சொன்னதாக ஈஃபா வந்து சொன்னாள். எழுதி வைத்திருந்த கடிதத்தை அட்ராக்டா கிழித்துப் போட்டாள்.

பொறுப்பிலிருந்தும் விலகினாள். அந்த இடத்தில் தான் இருக்கக்கூடாது என்று மறைமாவட்டம் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. கோப்புகளை வாங்கிக்கொள்ள வந்தவள் நோரா டிவேனி. யாருமே வராததால் எண்பது வயதில் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். மேசைமேல் தாள்களை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"அவர் வீட்டுல சமைச்சவ ஒரு நாள் எங்கிட்ட என்னவோ சொல்ல வந்தா. நான் உருளைக்கிழங்கு வெலயப் பத்திக் கேட்டுப் பேச்ச மாத்திட்டேன்." கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நீ மட்டும் இல்லடி."

அது ஆறுதலாகச் சொன்னதா, இன்னும் மோசமான ஒன்றைச் சொன்னதா என்று அட்ராக்டாவுக்கு விளங்கவில்லை. "அப்ப அதையும் போய்ச் சொல்லுங்க நோரா" என்றாள். கிழவி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காவல் நிலையம் இருந்த பக்கமாக நடந்தாள்.

பிப்ரவரியில் கிரானியா கூப்பிட்டாள். முகமன் எதுவும் இல்லை.

"எங்க ஊர்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தி அவ புருஷன்கிட்டகூடச் சொன்னதில்ல. தனக்கு மட்டும்தான் ஆச்சு, தான் பண்ணின தப்புன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கா. உங்களுக்கு முன்னாடியே தெரியும்கறதை அவ காதால கேக்கணும். உங்க வாயால. வருவீங்களா?"

"வரேன்."

"திட்டுவா."

"சரி."

வியாழன் மதியம் போனாள். சின்ன சமையலறை. மேசையில் வெட்டி வைத்த பழரொட்டியை யாரும் தொடவில்லை. இரண்டு பெண்களில் இளையவள் அடுப்புப் பக்கமாகத் திரும்பி நின்றாள். கிரானியா கதவோரம் சாய்ந்துகொண்டாள். அட்ராக்டாவுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை, நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"நான் நாலாங் கிளாஸ் டீச்சர். ஒரு பொண்ணு எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டா."

கெட்டிலில் தண்ணீர் இரைச்சலாகக் கொதிக்கத் தொடங்கியது. அடுப்புப் பக்கம் நின்றவள் கையை நீட்டி அதை அணைத்தாள். பிறகு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன கேட்டா? அதைச் சொல்லுங்க."